வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான நுழைவிசைவும் வதிவிட அனுமதியும் (செருமனி)

வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான நுழைவிசைவும் வதிவிட அனுமதியும் என்பது, ஒரு நாட்டின் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ குறிப்பிட்ட காலத்துக்கு ஆய்வு செய்ய வரும் வேற்று நாட்டவர் பெற வேண்டிய சட்ட அனுமதிகளைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் இந்த அனுமதிகள் 2016/801 எண்ணுள்ள ஒன்றிய நெறிமுறைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. செருமனியில் இச்சட்டம் வதிவிடச் சட்டத்தின் 18டி, 18இ, 18எஃப் ஆகிய பிரிவுகளாக நடைமுறையில் உள்ளது. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போர் செருமனிக்குள் நுழையும் முன்பே நுழைவிசைவு பெறவேண்டும். எனவே, தமிழ் மாணவர்களும் ஆய்வாளர்களும் இந்நடைமுறையை முன்கூட்டியே அறிந்திருப்பது பயனளிக்கும்.

பின்னணி

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லிசுபனில் கூடிய ஐரோப்பிய மன்றம், ஐரோப்பா முழுவதையும் ஒரே ஆய்வுப் பரப்பாக மாற்றும் இலக்கை ஏற்றது. அதற்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் எளிதாக வந்து பணியாற்ற வழி தேவைப்பட்டது. அதுவரை பல நாடுகளில் ஆய்வாளர்களும் மற்ற தொழிலாளர்களைப் போலவே தொழிலாளர் துறையின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று இயற்றப்பட்ட 2005/71 நெறிமுறைச் சட்டம், ஆய்வாளர்களுக்கெனத் தனியான அனுமதியை உருவாக்கியது. பின்னர் இச்சட்டமும், மாணவர்களுக்கான மற்றொரு சட்டமும் இணைக்கப்பட்டு 2016-ஆம் ஆண்டு மே 11 அன்று 2016/801 நெறிமுறைச் சட்டம் நிறைவேறியது. உறுப்பு நாடுகள் இதை 2018 மே 23-க்குள் தம் நாட்டுச் சட்டமாக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. செருமனி 2017 ஆகத்து 1 முதல் இதை நடைமுறைப்படுத்தியது. 2020 மார்ச்சு 1 அன்று திறன்மிகு பணியாளர் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆய்வாளர் தொடர்பான விதிகள் இப்போதுள்ள 18டி பிரிவுக்கு மாற்றப்பட்டன.

நுழைவிசைவு, வதிவிட அனுமதி: வேறுபாடு

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். நுழைவிசைவு (விசா) என்பது எல்லையைக் கடந்து நாட்டுக்குள் வருவதற்கான ஆவணம். அதை வெளிநாட்டிலுள்ள தூதரகம் வழங்குகிறது. வதிவிட அனுமதி என்பது நாட்டுக்குள் தங்கிப் பணியாற்றுவதற்கான ஆவணம். அதை ஆய்வாளர் வாழும் நகரின் வெளிநாட்டவர் அலுவலகம் அட்டை வடிவில் வழங்குகிறது. நீண்டகாலத்துக்கு வருபவர் முதலில் நுழைவிசைவைப் பெற்று வந்து, அது காலாவதியாகும் முன் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

செருமனிக்கான நுழைவிசைவுகள் இரு வகைப்படும்.

சி வகை: 90 நாட்கள் வரையிலான குறுகியகாலப் பயணத்துக்கான செங்கன் நுழைவிசைவு.
டி வகை: 90 நாட்களுக்கு மேல் தங்குவோருக்கான தேசிய நுழைவிசைவு. இது அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். இதை வைத்திருப்பவர் பிற செங்கன் நாடுகளுக்கும் 180 நாட்களில் 90 நாட்கள் வரை சென்றுவரலாம்.

சி வகையில் வந்துவிட்டு, பிறகு செருமனிக்குள்ளேயே அதை நீண்டகால அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பொதுவாகத் தவறானது. விதிவிலக்கான சூழல்கள் தவிர, அவ்வாறு வந்தவர் தாய்நாடு திரும்பி டி வகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

ஆத்திரேலியா, இசுரேல், சப்பான், கனடா, தென்கொரியா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அவர்கள் நுழைவிசைவின்றி வந்து, செருமனியிலேயே வதிவிட அனுமதி கோரலாம். ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் பணி தொடங்க வேண்டிய இருவரில் ஒருவர் விமானச் சீட்டு வாங்கியவுடன் புறப்பட, மற்றவர் தூதரக நேர்காணலுக்குப் பல வாரங்கள் காத்திருப்பது இதனாலேயே.

குறுகியகாலப் பயணம்

கருத்தரங்கில் பேசவும், நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ தரவு திரட்டவும், சில வாரங்கள் கூட்டாய்வு செய்யவும் சி வகை நுழைவிசைவு போதுமானது. பல்கலைக்கழகங்களில் அறிவியல் பணியாளராக 12 மாதங்களில் 90 நாட்கள் வரை செய்யும் பணி, செருமானிய விதிகளின்படி வேலைவாய்ப்பாகக் கருதப்படுவதில்லை. எனினும், பயணத்தின் நோக்கம் அழைப்புக் கடிதத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சுற்றுலா எனக் கூறி நுழைவிசைவு பெற்றுவிட்டு ஆய்வகத்தில் பணியாற்றுவது பிற்கால விண்ணப்பங்களையும் பாதிக்கக்கூடும்.

பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் சேரவேண்டும். முடிவு பொதுவாக 15 நாட்களில் தெரிவிக்கப்படும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் இது 45 நாட்கள் வரை நீளலாம். செங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோ காப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் தேவை.

2024 சூன் 11 முதல் இதற்கான கட்டணம் 90 யூரோ. ஆனால், ஆய்வு செய்வதற்கோ அறிவியல் கருத்தரங்கில் பங்கேற்பதற்கோ செல்லும் ஆய்வாளர்களுக்குச் செங்கன் நுழைவிசைவு விதித்தொகுப்பு கட்டண விலக்கு அளிக்கிறது. இதை அறியாமல் பலர் முழுக் கட்டணம் செலுத்திவிடுகின்றனர். விலக்குக் கோருவோர், தாம் ஆய்வாளர் என்பதற்கும் பயண நோக்கத்துக்கும் சான்று இணைக்க வேண்டும். விண்ணப்ப மையங்கள் வாங்கும் சேவைக் கட்டணம் இதிலிருந்து வேறானது.

நாட்களைக் கணக்கிடும் முறை

எந்தவொரு 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பதே விதி. வரும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். இக்காலப்பகுதி நிலையானதல்ல. ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி 180 நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மார்ச்சு 1 முதல் ஏப்ரல் 30 வரை தங்கினால் 61 நாட்கள் செலவாகின்றன. மீதமிருப்பவை 29 நாட்கள். ஆகத்து 27 வரை அவர் இந்த 29 நாட்களை மட்டுமே பயன்படுத்தலாம். ஆகத்து 28 அன்று மார்ச்சு 1-ஆம் நாள் கணக்கிலிருந்து விலகும். அதன்பின் நாளுக்கு ஒன்றாகப் பழைய நாட்கள் விடுபடும். செங்கன் பகுதியிலுள்ள எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே இக்கணக்கு. பாரிசில் கழித்த வாரமும் பெர்லினில் கழித்த வாரமும் ஒரே கணக்கில் வரும். பல நுழைவு அனுமதியுள்ள நுழைவிசைவு ஓராண்டு செல்லுமென்றாலும், இந்த வரம்பு மாறாது.

ஏற்பு உடன்படிக்கை

90 நாட்களுக்கு மேற்பட்ட ஆய்வாளர் அனுமதிக்கு அடிப்படையாக அமைவது ஏற்பு உடன்படிக்கை. இது ஆய்வாளருக்கும் அவரை வரவேற்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான எழுத்து வடிவ ஒப்பந்தம். ஒரு பேராசிரியரின் மின்னஞ்சலோ வரவேற்புக் கடிதமோ இதற்கு ஈடாகாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவரே இதில் கையெழுத்திட வேண்டும். 2016/801 சட்டத்தின்படி இதில் பின்வருவன இருக்கவேண்டும்.

ஆய்வின் தலைப்பு, நோக்கம் அல்லது துறை
ஆய்வை முடிக்க முயல்வதாக ஆய்வாளர் அளிக்கும் உறுதி
ஆய்வை முடிக்கத் தேவையான வகையில் ஆய்வாளரை ஏற்பதாக நிறுவனம் அளிக்கும் உறுதி
தொடக்க நாளும் முடிவு நாளும், அல்லது உத்தேசக் கால அளவு
பிற உறுப்பு நாடுகளுக்குச் செல்லும் திட்டம் முன்பே தெரிந்திருந்தால், அதன் விவரம்
இருவருக்கும் இடையிலான சட்ட உறவும் பணி நிலைமைகளும்

இந்த உடன்படிக்கை தொழிலாளர் துறையின் ஒப்புதலுக்குப் பதிலாகச் செயல்படுகிறது. ஆய்வாளர் தகுதியானவரா, திட்டம் உண்மையானதா, நிதி உள்ளதா என்பவற்றைப் பல்கலைக்கழகமே சரிபார்த்து உறுதியளிக்கிறது. அதனால் 18டி பிரிவின்கீழ் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை.

இதற்கு ஈடாக நிறுவனம் ஒரு பொறுப்பையும் ஏற்கிறது. ஆய்வாளர் அனுமதியின்றித் தங்கிவிட்டால், அவரது வாழ்க்கைச் செலவுக்கும் நாடு கடத்தலுக்கும் அரசு செலவிடும் தொகையை, உடன்படிக்கை முடிந்து 6 மாதங்கள் வரை நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். பெரும்பாலும் பொது நிதியில் இயங்கும் நிறுவனங்களிடம் இந்த உறுதி பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் இதனால் பயன்பெறுகின்றன.

ஆய்வாளருக்கும் அவரது நிறுவனத்துக்கும் இடையிலான சட்ட உறவு முறிந்தால், ஏற்பு உடன்படிக்கை தானாகவே செல்லாததாகிவிடும். நிறுவனம் அதை உடனடியாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். அதாவது, ஆய்வாளர் நாட்டில் தங்கும் உரிமை ஒரே நிறுவனத்துடனான உறவைச் சார்ந்திருக்கிறது. வழிகாட்டியுடன் கருத்து வேறுபாடு ஏற்படும்போது பல ஆய்வாளர்கள் புகார் சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். செருமானியச் சட்டப்படி, ஆய்வுத் திட்டத்தில் ஏற்படும் மாற்றங்களால் மட்டும் பணியாற்றும் உரிமை பறிபோவதில்லை. தலைப்பு மாறலாம், முறை மாறலாம். நிறுவனத்துடனான உறவு முறிவதே சிக்கலை உண்டாக்குகிறது.

யாருக்கு எந்த அனுமதி

முனைவர் பட்டம் பெற்றவர்களும், முனைவர் படிப்பில் சேரத் தகுதியான உயர்கல்வி பெற்று ஒரு நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இச்சட்டப்படி ஆய்வாளர் ஆவர். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோரின் நிலை அவர்கள் சேரும் முறையைப் பொறுத்தது. முழுநேரப் படிப்புத் திட்டத்தின் பகுதியாக ஆய்வு செய்பவருக்கு மாணவர் அனுமதி பொருந்தும். பணி ஒப்பந்தத்துடன் ஆய்வுத் திட்டமொன்றில் சேர்பவருக்கு ஆய்வாளர் அனுமதி கிடைக்கலாம்.

பணி ஒப்பந்தம் உடையவருக்கும் உதவித்தொகை பெறுபவருக்கும் 18டி அனுமதி ஒன்றே. ஆனால், பிற உரிமைகளில் பெரிய வேறுபாடு உண்டு. பணி ஒப்பந்தம் உள்ளவர் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியக் காப்பீட்டிலும் சேர்க்கப்படுகிறார். உதவித்தொகை ஊதியமாகக் கருதப்படாததால், அதைப் பெறுபவர் பொதுவாக மருத்துவக் காப்பீட்டைத் தாமே ஏற்பாடு செய்யவேண்டும். அவருக்காக ஓய்வூதியப் பங்களிப்பும் செலுத்தப்படுவதில்லை.

விண்ணப்ப நடைமுறை

டி வகை நுழைவிசைவுக்கு ஆய்வாளர் தாம் வாழும் பகுதிக்குரிய செருமானியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். சென்னையில் செருமானியத் துணைத்தூதரகம் உள்ளது. 2025 சனவரி 1 முதல் தேசிய நுழைவிசைவு விண்ணப்பங்களை வெளியுறவு அமைச்சகத்தின் இணையவாயில் வழியாக நிரப்பலாம். எனினும் கைரேகை பதியவும் மூல ஆவணங்களைக் காட்டவும் நேரில் செல்லவேண்டும். பொதுவாகத் தேவைப்படும் ஆவணங்கள்:

செல்லுபடியாகும் கடவுச்சீட்டு
ஏற்பு உடன்படிக்கை
பணி ஒப்பந்தம் அல்லது உதவித்தொகை வழங்கல் கடிதம்
பட்டச் சான்றிதழ்களும் தன்விவரக் குறிப்பும்
மருத்துவக் காப்பீட்டுச் சான்று
ஒளிப்படம்

கட்டணம் 75 யூரோ. செருமானியப் பொது நிதியிலிருந்து உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டண விலக்கு உண்டு.

கூட்டாட்சிக் குடியேற்ற, அகதிகள் அலுவலகத்தின் ஏற்பு பெற்ற நிறுவனம் வரவேற்கும்போது 60 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால், தூதரக நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்கான காத்திருப்பு இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆவணம் ஒன்று குறைந்தாலும் முடிவு தள்ளிப்போகும். இரட்டைப் பயன்பாட்டுத் தொழில்நுட்பம் சார்ந்த துறைகளில், பல்கலைக்கழகம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி சரிபார்த்த பின்பே உடன்படிக்கையில் கையெழுத்திடும். இதற்கும் காலம் பிடிக்கும். எனவே பணி தொடங்கும் நாளைத் தீர்மானிக்கும் முன்பே நேர்காணலுக்குப் பதிவு செய்வதும், நுழைவிசைவு கைக்கு வரும்வரை வேலையை விடாமலும் வீட்டைக் காலி செய்யாமலும் இருப்பதும் பாதுகாப்பானவை.

வந்த பின் செய்யவேண்டியவை

முகவரிப் பதிவு: வீட்டில் குடியேறிய இரு வாரங்களுக்குள் நகரப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக்கடிதம் தேவை. தற்காலிக விடுதிகளில் தங்குவோருக்கு இக்கடிதம் கிடைக்காமல் போவதுண்டு. இப்பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு, வரி எண் போன்றவையும் தாமதமாகின்றன.

வதிவிட அனுமதி: நுழைவிசைவு காலாவதியாகும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கருதும். அதற்கு இடைக்காலச் சான்று வழங்கப்படும். ஒரு நாள் தாமதித்தாலும் இந்தப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

வதிவிட அனுமதி பொதுவாகக் குறைந்தது ஓர் ஆண்டுக்கு வழங்கப்படும். நகர்வு ஏற்பாடுகள் கொண்ட ஒன்றியத் திட்டங்களில் பங்கேற்போருக்குக் குறைந்தது 2 ஆண்டுகள். ஆய்வுக் காலம் இதைவிடக் குறைவானால் அக்காலத்துக்கு மட்டும் கிடைக்கும். இந்த அனுமதியுடன் ஆய்வோடு கற்பித்தலும் செய்யலாம்.

பிற உறுப்பு நாடுகளுக்குச் செல்லுதல்

ஓர் உறுப்பு நாட்டில் ஆய்வாளர் அனுமதி பெற்றவர், அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மற்றொரு நாட்டிலும் ஆய்வின் ஒரு பகுதியைச் செய்யலாம். 360 நாட்களில் 180 நாட்கள் வரையிலான தங்கல் குறுகியகால நகர்வு எனப்படும். பிரான்சில் அனுமதி பெற்றவர் செருமனிக்கு இவ்வாறு வருவதாயின், செருமனியில் வரவேற்கும் நிறுவனம் கூட்டாட்சிக் குடியேற்ற, அகதிகள் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். தனி நுழைவிசைவு தேவையில்லை. 180 நாட்களுக்கு மேல் ஓர் ஆண்டு வரை தங்க 18எஃப் பிரிவின்கீழ் அனுமதி பெறவேண்டும்.

குடும்பத்தினர்

ஆய்வாளரின் வாழ்க்கைத்துணையும் வயதுவராத குழந்தைகளும் உடன் வரலாம். வாழ்க்கைத்துணையாக வருவோரிடம் பொதுவாகக் கேட்கப்படும் அடிப்படைச் செருமானிய மொழிச் சான்று, 18டி அனுமதி பெற்றவரின் துணைக்குத் தேவையில்லை. அவர் செருமனியில் வேலை செய்யவும் உரிமை பெறுகிறார். வெளிநாட்டில் வழங்கப்பட்ட திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் சரிபார்ப்புக்கு உட்படலாம் என்பதால், குடும்பத்தினரின் விண்ணப்பங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குவது நல்லது.

ஆய்வு முடிந்த பின்

ஆய்வை நிறைவு செய்தவர், வேலை தேடவோ தொழில் தொடங்கவோ 9 மாதங்கள் வரை தங்க அனுமதி கோரலாம். 18டி அனுமதியுடன் 3 ஆண்டுகள் இருந்தவர், பிற தகுதிகளும் இருந்தால் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அத்தகுதிகளில் 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் ஒன்று. மேலே கூறியபடி உதவித்தொகை பெறுவோருக்கு இப்பங்களிப்பு இல்லாததால், ஒரே ஆய்வகத்தில் ஒரே காலம் பணியாற்றிய இருவரில் ஒருவருக்கு மட்டும் இவ்வழி திறந்திருக்கலாம். உதவித்தொகையா, பணி ஒப்பந்தமா என்று தேர்வு செய்யும் வாய்ப்புள்ளோர் இதைத் தொடக்கத்திலேயே எண்ணிப்பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்

முன்பு, மறுக்கப்பட்டவர் அதே தூதரகத்திடம் கட்டணமின்றி மறுபரிசீலனை கோர முடிந்தது. 2025 சூலை 1 முதல் செருமானிய வெளியுறவு அமைச்சகம் இந்நடைமுறையை உலகெங்கும் நிறுத்திவிட்டது. இப்போது இரு வழிகள் உள்ளன: குறைகளைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பித்தல், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தல். வழக்குக்குக் காலமும் பணமும் செலவாகும் என்பதால், முதல் விண்ணப்பத்தையே குறையின்றி அளிப்பது முன்னெப்போதையும்விட இன்றியமையாததாகியுள்ளது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் வருகை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஜே-1 பரிமாற்ற நுழைவிசைவில் செல்கின்றனர். வரவேற்கும் நிறுவனம் டிஎஸ்-2019 என்ற படிவத்தை வழங்கவேண்டும். அவர்களுள் சிலர், திட்டம் முடிந்தபின் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் வாழ்ந்த பிறகே அங்குக் குடியேற்ற உரிமை கோரலாம். சப்பானில் வரவேற்கும் பல்கலைக்கழகம் முதலில் தகுதிச் சான்றிதழைப் பெற்று ஆய்வாளருக்கு அனுப்புகிறது. அதைக் காட்டி அவர் தூதரகத்தில் நுழைவிசைவு பெறுகிறார்.

இந்தியாவுக்கு வரும் ஆய்வாளர்களுக்கும் தனி ஆய்வு நுழைவிசைவு உண்டு. 180 நாட்களுக்கு மேற்பட்ட நுழைவிசைவில் வருவோர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். மூலிகை, விதை, நுண்ணுயிர் போன்ற உயிரியல் வளங்களை ஆய்வுக்காகப் பெற விரும்பும் வெளிநாட்டவர், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி, சென்னையில் அமைந்துள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலையும் பெறவேண்டும்.

உதவி பெறும் இடங்கள்

செருமானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான வரவேற்பு மையங்கள் இயங்குகின்றன. ஏற்பு உடன்படிக்கை தயாரித்தல், வீடு தேடுதல், அலுவலகப் பதிவுகள் ஆகியவற்றில் அவை உதவுகின்றன. ஐரோப்பிய அளவில் யூராக்செசு என்ற வலையமைப்பு இப்பணியைச் செய்கிறது. செருமனியில் அதன் தேசிய ஒருங்கிணைப்பை அலெக்சாண்டர் ஃபொன் அம்போல்ட் அறக்கட்டளை மேற்கொள்கிறது. கட்டணங்களும் ஆவணப் பட்டியலும் அவ்வப்போது மாறுபவை. எனவே விண்ணப்பிக்கும் நாளில் உரிய தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள விவரமே இறுதியானது.